ஒருமுறை சொன்ன சம்மதம்

அந்தப் புத்தகத்தின் தலைப்பைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'பெண்களின் உரிமைகள் குறித்த சட்டத் தீர்மானங்கள்' என்று தமிழில் சொல்லலாம். 1632இல் லண்டனில் அச்சானது. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றி எழுதியதற்கு நூற்றறுபது ஆண்டுகள் முந்தியது. ஆங்கில இலக்கிய ஆசிரியையாக எலிசபெத் காலம், ஜேம்ஸ் காலம் என்று நாடகங்களையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, தலைப்பில் இருக்கும் 'உரிமை' நாம் இன்று சொல்லும் உரிமை இல்லை என்று. ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி என்ன வரும், என்ன வராது, அவளிடம் இருப்பது எப்போது யார் கைக்குப் போகும் என்ற கணக்கு அது. உடைமைப் பட்டியல் போடுவதுபோல் போட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த நூல். ஆனால் எழுதியவருக்குக் குரல் இருக்கிறது. சட்டம் தெரிந்த, கொஞ்சம் கிண்டல் பேசுகிற, பெண்களிடம் தனக்கு இரக்கம் உண்டு என்று நம்புகிற ஓர் ஆணின் குரல். நூலை அவர் பெண்ணின் வாழ்க்கைப்படியே பிரிக்கிறார்: மகள், மணப்பெண், மனைவி, விதவை. கடைசிப் பகுதியில் வன்புணர்வும் பெண்ணைத் தூக்கிச்செல்லுதலும். ஒவ்வொரு பகுதியிலும் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நிற்கிறான். விதவைப் பகுதியில் மட்டும் அவன் செத்துப்போயிருக்கிறான். அங்கே ஆசிரியரே, அழாதே அம்மா, இனி உன் சொல்லை யாரும் மாற்ற முடியாது என்கிற தொனியில் ஆறுதல் சொல்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆரம்பத்திலேயே அவர் ஒரு விளக்கம் கொடுத்துவிடுகிறார். ஏவாள் செய்த குற்றத்தால் பெண்களுக்கு நாடாளுமன்றத்தில் குரல் கிடையாது. சட்டம் இயற்றுவதிலும் நீக்குவதிலும் பங்கில்லை. சம்மதம் தெரிவிக்கவும் வழியில்லை. எல்லாப் பெண்களும் மணமானவர்கள், அல்லது மணமாகப் போகிறவர்கள். இதற்குப் பரிகாரம் எதுவும் தனக்குத் தெரியவில்லை என்கிறார். சில பெண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வால் சேர்க்கிறார். அந்த வாலை நான் பலமுறை படித்தேன். பெண்களின் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிற தோரணையில் சட்டத்தின் அநியாயத்தைக் கடந்துபோகிற இந்த ஆண்குரல் எனக்குப் புதிதல்ல. உங்களுக்கும் புதிதாக இருக்காது.

திருமணத்தை விளக்க அவர் ஆறுகளைத் துணைக்கழைக்கிறார். சிற்றோடை பேராற்றில் கலந்தபின் அதற்குத் தனிப்பெயர் இல்லை, மனைவியும் அப்படித்தான். சட்ட ஏடுகளின் மொழி இவ்வளவு கவித்துவமானதில்லை. அன்றைய வழக்கறிஞர்கள் புழங்கிய பிரெஞ்சு கலந்த மொழியில் கணவன் பெயர் 'பாரன்', அதாவது பிரபு. மனைவி வெறும் 'ஃபெம்', பெண். மணமானதும் அவள் 'ஃபெம் கோவெர்ட்' ஆகிறாள், போர்த்தி மூடப்பட்ட பெண். அந்த நிலைக்குப் பெயர் 'கவர்ச்சர்'. அவளுடைய பணம், நகை, பாத்திரம், மாடு எல்லாம் கணவனுக்குச் சொந்தம். அவள் பெயரில் நிலம் இருந்தால் திருமணம் நீடிக்கும்வரை வருமானம் அவனுக்கு. கணவன் இல்லாமல் அவள் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது. சட்டத்திற்கு வெளியே தள்ளப்பட்டவன், துரோகி, புறமதத்தான், பண்ணையடிமை, மனைவி ஆகியோரை அடித்தால் தண்டனை இல்லை, ஏனென்றால் இவர்கள் யாருக்கும் பொதுச்சட்டப்படி வழக்குத் தொடுக்க வழியில்லை என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகிறார் நம் ஆசிரியர். அந்தப் பட்டியலின் வரிசை அவரை உறுத்தவில்லை.

இங்கே வழக்கமாக வைக்கப்படும் வாசிப்பு ஒன்று உண்டு: சட்டம் பெண்ணை அழித்தது, அவள் இல்லாமல் போனாள், குரலற்றவள் ஆனாள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது அதில் எனக்குத் திருப்தியில்லை. சட்டம் அவள் வாயை மூடியது என்பது பாதிதான். அவள் வாய்ச்சொல் சட்டத்திற்குத் தேவைப்பட்டது. அது இல்லாமல் அந்த அமைப்பு ஓடாது. எந்த இடத்தில், எத்தனை முறை, என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சட்டமே முடிவுசெய்தது என்பதுதான் விஷயம்.

திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1753ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் ஓர் ஆணும் பெண்ணும் 'உன்னை ஏற்கிறேன்' என்று நிகழ்காலத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டாலே அது செல்லுபடியாகும் திருமணம். பாதிரியார்கூட வேண்டாம். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு ஆகியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்த கணத்திலிருந்து, உடைமை குறித்தோ உடல் குறித்தோ அவள் சொல்லக்கூடிய மற்ற எல்லாச் சொற்களும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நாம் மாணவிகளுக்குப் பாடமாக நடத்தும் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருமையே சம்மதம் என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1628ஆம் ஆண்டு உரிமை மனு, நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் மன்னர் வரி விதிக்கக்கூடாது என்றது. காரணம் காட்டாமல் சுதந்திர மனிதனைச் சிறையில் அடைக்கக்கூடாது என்றது. 1689இல் உரிமைச் சாசனம். நடுவில் ஓர் உள்நாட்டுப் போர், 1649 ஜனவரியில் ஒரு மன்னரின் தலை. எல்லாமே, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வியின்மேல் நடந்தவை. நம் நூலோ உரிமை மனுவுக்கு நான்கே ஆண்டுகள் பிந்தியது.

மன்னர் பக்கத்தில் நின்று எழுதியவர்கள் ஒரு தந்திரமான வாதத்தை வைத்தார்கள். மனைவி தானாகச் சம்மதித்துத்தான் கணவனை ஏற்கிறாள். ஏற்றபின் விலக முடியுமா? முடியாதல்லவா? மக்களும் அப்படித்தான், மன்னனை ஏற்றபின் விலக முடியாது. நாடாளுமன்றத்தார் இதற்குப் பதில் சொல்லத் திணறினார்கள். மனைவியும் விலகலாம் என்று சொன்னால் அவரவர் வீட்டில் பிரச்சினை. மில்டன் ஒருவர்தான் துணிந்தார். 1643இல் தொடங்கி மணவிலக்கு பற்றி எழுதியபோது, கெட்ட ஆட்சியை மக்கள் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்றால் கெட்ட திருமணத்தையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற ஒப்புமையை நாடாளுமன்றத்தின் முன்பே வைத்தார். ஆனால் அந்த ஒப்புமையில் மக்களின் இடத்தில் நிற்பது ஆண். கெட்ட ஆட்சியின் இடத்தில் அவனுடைய திருமணம். மனைவி குடிமகளாகக்கூட வரவில்லை. 'இழந்த சொர்க்கம்' நடத்தும்போது இதைச் சொன்னால் வகுப்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

இந்தக் கேள்வியை அதன் முழுக் கூர்மையோடு திருப்பிப் போட ஒரு பெண் வர வேண்டியிருந்தது. மேரி ஆஸ்டெல் 1700இல் திருமணம் பற்றி எழுதினார். சில ஆண்டுகள் கழித்துச் சேர்த்த முன்னுரையில், நாட்டில் கட்டற்ற அதிகாரம் கூடாது என்றால் வீட்டில் மட்டும் அது ஏன் கூடும் என்று கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் புரட்சிக்காரர் இல்லை. மன்னராட்சியையும் திருச்சபையையும் ஆதரித்த பழமைவாதி. சுதந்திரம் பேசிய ஆண்களை மடக்கத்தான் அதைக் கேட்டார். நமக்கு வேண்டிய கேள்விகள் எல்லாம் நமக்குப் பிடித்தவர்களிடமிருந்தே வர வேண்டும் என்பதில்லை.

இனி என்னை அதிகம் அலைக்கழித்த பிரதிக்கு வருகிறேன்: ஆன் கிளிஃபோர்டின் நாட்குறிப்பு. 1590இல் பிறந்தவர், கம்பர்லண்ட் பிரபுவின் உயிரோடிருந்த ஒரே வாரிசு. 1605இல் தந்தை இறந்தபோது வடக்கில் இருந்த நிலங்களையும் கோட்டைகளையும் தன் தம்பி பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். ஆனால் இரண்டாம் எட்வர்ட் காலத்து ஏற்பாட்டின்படி அந்த நிலங்கள் உடல்வழி வாரிசுக்குப் போக வேண்டியவை, ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லாமல். ஆனும் அவர் தாய் மார்கரெட்டும் வழக்காடினார்கள். 1609இல் ஆனுக்குத் திருமணம். கணவர் ரிச்சர்ட் சாக்வில், விரைவிலேயே டோர்செட் பிரபு ஆனவர். சூதாட்டம், ஆடை, ஆடம்பரம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நிலம் வேண்டாம், ஈடாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

இங்கேதான் போர்வையில் ஒரு கிழிசல். மனைவி வழியாக வந்த நிலத்தைக் கணவன் அனுபவிக்கலாம். அவள் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அந்தச் சம்மதத்தை உறுதிசெய்யச் சட்டத்தில் ஒரு முறை இருந்தது: நீதிபதி மனைவியைத் தனியே அழைத்து, கணவன் இல்லாத இடத்தில், நீ மனமுவந்துதான் சம்மதிக்கிறாயா என்று கேட்க வேண்டும். இதைப் படித்தபோது முதலில் எனக்கு வியப்பு. ஓடை ஆற்றில் கலந்து காணாமல் போய்விட்டது என்று சொன்ன அதே சட்டம், இந்த ஓர் அறையில் ஓடையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறது. பிறகுதான் தோன்றியது: அந்த அறைக்குப் பெண் எந்த வீட்டிலிருந்து வருகிறாள், கேள்வி முடிந்ததும் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்?

ஆனின் நாட்குறிப்பு இதற்குப் பதில். சட்டப்படி அவர் கையெழுத்து வேண்டும். அதனால் எல்லோரும் அந்தக் கையெழுத்துக்காக வருகிறார்கள். 1616 பிப்ரவரியில் கான்டர்பரி பேராயரே வந்து பேசுகிறார், நயமாகவும் மிரட்டலாகவும். அம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று விடுகிறார் ஆன். மே மாதத் தொடக்கத்தில் கணவரிடமிருந்து ஆள் வருகிறது, குழந்தையை லண்டனுக்கு அனுப்பு என்று. மகளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தந்தையின் அதிகாரத்தில் இருக்கும் குழந்தையைத் தாய் தடுத்து நிறுத்தச் சட்டத்தில் இடம் கிடையாது. எதிர்த்தால் குழந்தைக்குத்தான் கேடு என்று யோசித்து அனுப்பிவைக்கிறார். அதே மாதம் அவர் தாய் இறந்துபோகிறார்.

இந்தப் பக்கங்களில் புலம்பல் குறைவு. என்ன நடந்தது, யார் வந்தார், என்ன சொன்னார், பகலில் என்ன படிக்கச் சொல்லிக் கேட்டேன், என்ன தைத்தேன் என்று எழுதிக்கொண்டு போகிறார். கணவரை மரியாதையாக 'என் பிரபு' என்றே குறிப்பிடுகிறார். சில விமர்சகர்கள் இந்த அடக்கத்தை உயர்குடிக் கட்டுப்பாடு என்பார்கள். எனக்கு இது வழக்குக்குத் தயாராகும் பெண்ணின் பதிவேடு மாதிரித் தோன்றுகிறது. தேதி, ஆள், இடம், சொன்ன சொல். வன்முறையான வீட்டில் வாழும் பெண்களிடம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்று இன்று ஆலோசகர்கள் சொல்வதில்லையா?

1617 ஜனவரியில் மன்னர் ஜேம்ஸ் முன் நிறுத்தப்படுகிறார். எல்லோரும் என் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறீர்களா என்று மன்னர் கேட்கிறார். கணவர் சரி என்கிறார். சித்தப்பா சரி என்கிறார். உயிரோடு இருக்கும்வரை வெஸ்ட்மோர்லண்டை எந்த நிபந்தனைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் ஆன். மன்னர் கொதிக்கிறார். அறைக்குள் பெண் அவர் ஒருவர் மட்டுமே. மன்னரை முழுதாக நம்பிவிடாதே என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தவர் ராணி என்பதையும் நாட்குறிப்பு சொல்கிறது. மார்ச்சில் தீர்ப்பு வந்தது: நிலம் சித்தப்பாவுக்கு. ஈடு 17,000 பவுண்டு. மனைவி பணம் கணவன் பணம் என்பதால் அதனால் லாபம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. அவர் ஒப்பவில்லை, ஒப்பாமலேயே தீர்ப்பு நிறைவேறியது.

1643இல், சித்தப்பாவின் மகனும் ஆண் வாரிசில்லாமல் இறந்தபின், நிலங்கள் ஆனுக்கு வந்தன. அதற்குள் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போர் முடிந்ததும் 1649இல் வடக்கே போய், இடிந்த கோட்டைகளைக் கட்டி, மன்னருக்கு நிகராக ஆண்டார். தன் குடியானவர்கள்மேல் விடாமல் வழக்கும் போட்டார். பெண்ணிய வாசகர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சில நேரம் தாண்டிப் போய்விடுகிறோம். அவருடைய 'மாட்டேன்' எனக்கு வேண்டும். அது நிலவுடைமையின் 'மாட்டேன்' என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் தனியறைக் கேள்வி நிலத்துக்காகத்தான் இருந்தது. நிலமில்லாத பெண்ணை யாரும் தனியே அழைத்துக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஏமி லூயிஸ் எரிக்சனைப் பேச வேண்டும். 1993இல் வந்த அவருடைய சொத்துரிமை பற்றிய ஆய்வு, உயர்குடியினரை விட்டுவிட்டுச் சாதாரணப் பெண்களின் உயில்களையும் வீட்டுச் சாமான் பட்டியல்களையும் துழாவியது. சட்டநூல்கள் சொன்னதற்கும் வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று காட்டியது. மகள்களுக்கும் மகன்களுக்கு நிகராகப் பங்கு கொடுத்த பெற்றோர், மணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி வாங்கிக்கொண்ட பெண்கள் என்று ஓர் உலகமே தெரியவருகிறது. இந்த ஆய்வு இல்லாமல் நாம் நம் 1632 ஆசிரியரை அப்படியே நம்பியிருப்போம். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இதைத் தொடர்ந்து வந்த எழுத்துகளில், பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள், பேரம் பேசினார்கள், செயல்பட்டார்கள் என்ற மகிழ்ச்சி சில நேரம் அளவு மீறிப் போகிறது. சில பெண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள் என்ற அந்த வாலின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது. சமாளிக்க முடியாமல் போனவளைப் பற்றிப் பேசும்போதுதான் ஒரு சட்டத்தை மதிப்பிட முடியும் என்பது என் எண்ணம்.

மார்கரெட் கிளித்தெரோவைச் சொல்லலாம். யார்க் நகரத்துக் கசாப்புக் கடைக்காரரின் மனைவி. தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கப் பாதிரிமார்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார் என்று 1586இல் குற்றச்சாட்டு. குற்றவாளியா இல்லையா என்று அவர் வாயால் சொல்லி, விசாரணைக்கு ஒப்புக்கொண்டால்தான் வழக்கு நடக்கும். அவர் ஒப்பவில்லை. விசாரணை என்று வந்தால் தன் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிவரும். சம்மதம் தர மறுப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரே வழிதான்: மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றுவது, சொல்லும்வரை அல்லது சாகும்வரை. மார்ச் 25 அன்று அவர் அப்படியே இறந்தார். சம்மதம் எவ்வளவு கட்டாயமான பொருள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான காட்சி அந்தக் காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது 1624ஆம் ஆண்டுச் சட்டம். மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தை இறந்து, அதை அவள் மறைத்திருந்தால், அவளே கொன்றாள் என்று கொள்ளப்படும். தண்டனை மரணம். தப்ப வேண்டுமென்றால் குழந்தை பிறக்கும்போதே இறந்திருந்தது என்று அவள் குறைந்தது ஒரு சாட்சியை வைத்து நிரூபிக்க வேண்டும். மற்ற குற்றங்களில் அரசு நிரூபிக்க வேண்டியதை இங்கே அவள் நிரூபிக்க வேண்டும். மணமான பெண்ணுக்கு இந்தச் சட்டம் கிடையாது. குழந்தையின் தகப்பனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சட்டம் கேட்கும் அந்த ஒரு சாட்சியை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டில் வேலைசெய்யும் பெண், தெரிந்தால் வேலை போகும், தெரு போகும் என்று ஒளிந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு பெற்றவள். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அது மறைவான பேறே இல்லை.

ஆன் கிரீன் அப்படி ஒருத்தி. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சர் தாமஸ் ரீட் என்பவர் வீட்டில் பணிப்பெண், வயது இருபத்திரண்டு. அந்த வீட்டுப் பேரன் அவளைக் கருவுறச் செய்தான். கடுமையாக வேலைசெய்துகொண்டிருந்தபோது குறைமாதத்தில் கலைந்தது. உருவே சரியாகத் திரளாத கரு என்று மருத்துவச்சி சொல்லியும் பயனில்லை. 1650 டிசம்பர் 14 அன்று தூக்கிலிட்டார்கள். சீக்கிரம் உயிர் போகட்டும் என்று வேண்டியவர்களே கால்களைப் பிடித்து இழுத்தார்கள். அரைமணி நேரம் கழித்து இறக்கி, மருத்துவ மாணவர்கள் அறுத்துப் பார்க்க அனுப்பிய பெட்டியைத் திறந்தால் மூச்சு இருந்தது. வில்லியம் பெட்டியும் தாமஸ் வில்லிஸும் அவளைப் பிழைக்கவைத்தார்கள். மன்னிப்பும் கிடைத்தது.

மறு ஆண்டு இதைப் பற்றி ஒரு துண்டுநூல் வந்தது, 'இறந்தவர்களிடமிருந்து செய்தி' என்று. விமர்சகியாக எனக்கு இதில் வேலை இருக்கிறது. மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பது மணிக்கணக்கு வாரியாக இருக்கிறது: எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எப்போது கண் திறந்தாள், எப்போது பேசினாள். பின்னால் ஆக்ஸ்ஃபோர்ட் இளைஞர்கள் எழுதிய கவிதைகள் வரிசையாக. பிற்காலத்தில் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னும் மாணவனாக ஒன்று எழுதியிருக்கிறான். கன்னிமை, மரணம், மறுபிறப்பு என்று சொல் விளையாடுகிறார்கள். அந்த வீட்டுப் பேரன் ஓரமாக ஒரு குறிப்போடு நின்றுகொள்கிறான். இத்தனை பேர் பேசும் புத்தகத்தில் அவளுடைய சொல் சாட்சியமாக வருவதில்லை. உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மட்டும் வருகிறது. பேசினாள் என்பது நாடித்துடிப்பு மாதிரி ஒரு மருத்துவக் குறிப்பு. அவள் பின்னர் மணம் செய்துகொண்டு மூன்று குழந்தைகள் பெற்றாள்.

அவள் வழக்குக்கு ஓராண்டு முன்பு, 1649 ஏப்ரலில், லெவலர் இயக்கத்துப் பெண்கள் சிறையிலிருந்த தங்கள் தலைவர்களை விடுவிக்கக் கோரி மனுவோடு நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். மன்னரின் தலை விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இது உங்களுக்குப் புரியாத பெரிய விஷயம், பதிலை உங்கள் கணவன்மாரிடம் சொல்லியாயிற்று, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. போர்வை இத்தனை துல்லியமாக அரசியலில் விழுந்த தருணம் வேறில்லை. மே மாதம் அவர்கள் மறுபடி வந்தார்கள். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட நாங்கள், இந்தக் குடியரசின் சுதந்திரத்தில் எங்களுக்கும் உரிய பங்கு உண்டு என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1632 நூலின் ஏவாளுக்கு அதே விவிலியத்திலிருந்து எடுத்த பதில் இது. அவர்கள் அந்த நூலைப் படித்திருக்கத் தேவையில்லை. அது சொன்னதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

உடலைப் பேசாமல் முடிக்க முடியாது. ஊர் நீதிபதிகள் கையில் வைத்திருந்த மைக்கேல் டால்டனின் 1618ஆம் ஆண்டுக் கையேட்டில், வன்புணரப்பட்டதாகச் சொல்லும் பெண் அதனால் கருவுற்றால் அது வன்புணர்வு இல்லை, சம்மதமில்லாமல் கரு தங்காது என்று இருக்கிறது. அவள் வாய் மாட்டேன் என்றாலும் கருப்பை ஆம் என்றுவிட்டதாம். நூற்றாண்டின் பின்பாதியில் தலைமை நீதிபதி மேத்யூ ஹேல், திருமணத்தில் மனைவி தன்னைக் கொடுத்துவிட்டாள், அந்தச் சம்மதத்தை அவளால் திரும்பப் பெற முடியாது, ஆகவே கணவன் தன் மனைவியை வன்புணர்ந்த குற்றத்துக்கு ஆளாக மாட்டான் என்று எழுதிவைத்தார். அவர் 1676இல் இறந்து, நூல் 1736இல்தான் அச்சேறியது. ஹேல் வாழ்ந்த காலத்தை நினைவில் கொள்ளுங்கள். தான் பிறந்த நாட்டில் மக்கள் மன்னனுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதைப் பார்த்தவர். அதன்பின் வந்த குடியரசின் கீழும் நீதிபதியாக இருந்தவர்.

இங்கிலாந்து இந்த விதிவிலக்கை 1991இல் நீதிமன்றத் தீர்ப்பால் கைவிட்டது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் அது விதிவிலக்காக உட்கார்ந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், மனைவிக்குப் பதினெட்டு வயதாகியிருந்தால் குற்றமில்லை என்று, அதே இடத்தில் இருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதவே சிரமப்படுகிறோம். உள்ளே இருப்பது ஹேல்.

1624ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இப்படி ஒரு வாரிசு உண்டு. 1803இல் இங்கிலாந்து அதை நீக்கியபோது, கொலை நிரூபணமாகாவிட்டால் பிறப்பை மறைத்த குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை என்று வைத்தது. நம் தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு, குழந்தையின் உடலை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்றது. மணமானவளா இல்லையா என்ற கேள்வியை அது விட்டுவிட்டது. புதிய சட்டத்தில் 94ஆம் பிரிவு, அதிலும் இரண்டாண்டு.

போன பருவத்தில் முதுகலை வகுப்பில் ஆன் கிரீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள், "மேம், அந்தப் பையன் என்ன ஆனான்?" துண்டுநூலில் அவனுக்கு ஒரு வரிக்குமேல் இல்லை என்றேன். அவளைக் குற்றஞ்சாட்டிய பெரியவர் ரீட், தூக்கு நடந்த மூன்றாம் நாள் இறந்துபோனதைக் கடவுள் தீர்ப்பு என்று எழுதியவர்கள், பேரன்மேல் கடவுளை ஏவவில்லை. அவள் பெயர் தெரிந்த நமக்கு அவன் பெயரும் தெரியும்: ஜெஃப்ரி ரீட். பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.